மேஸ்திரி பாய் பாலிஷ் போட்ட பந்து

வருகிற ஞாயிற்றுக்கிழமை சென்னையில் லீக் ஆட்டம். ரக்பி. என் மாமாவின் பேத்தி ஒரு கிளப்புக்கு ஆடுகிறாள். புதன்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மழை வந்து தரை சேறாகுமா, அந்தப் பெண் முழங்காலுக்குப் பட்டை கட்டுவாளா, எதிர் கிளப்பில் இருப்பதெல்லாம் பெரிய பெரிய உடம்பா, இதே யோசனை. "அத்தே, ஆடப்போறது அவளா நீங்களா?" என்று மருமகள் கேட்கிறாள். கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் உங்களை இப்படித்தான் கேலி செய்வார்கள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறதாம் கிழம். நமக்கு இந்தப் பயம் சும்மா வந்ததா? பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு காரியத்தைக் கெடுப்பதைக் கண்ணெதிரே பார்த்து, வாய்விட்டுச் சொல்லியும் கேட்க ஆளில்லாமல் வந்த பயம் இது. எனக்கு அது வந்த வருஷம் நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தை நிறுத்தி ஷூவுக்கு மேல்பாகம் தைக்க உட்கார வைத்துவிட்டார்கள். அந்தக் கதையை ஆரம்பித்தால் இது நின்றுபோகும், விடுங்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே இருந்தார். ஊரில் பாதிப்பேரைப்போல அவரும் தோல் தொழிற்சாலையில் வேலை. ஊறவைத்த மாட்டுத் தோலைத் தோளில் போட்டுக் சுண்ணாம்புக் குழிக்கும் பதனிடுகிற பீப்பாய்க்கும் தூக்கி ஓடுவது. நனைந்த தோல் என்ன கனம் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தொழிற்சாலைக்குப் புதிதாக ஒரு மானேஜர் வந்தார். முதலாளியின் மருமகன். சீமைக்குப் போய்த் தோல் படிப்பு படித்தவர். தோலை எவ்வளவு படித்தாரோ தெரியாது, ரக்பியை நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார். தோல் சுமந்து ஓடுகிற ஆட்களைப் பார்த்ததும் அவருக்குக் கை அரித்திருக்கிறது. இவர்களை யார் தள்ளிக் கீழே சாய்க்க முடியும்? பதினைந்து பேரைச் சேர்த்தார், பனியன் வாங்கிக் கொடுத்தார், மெட்ராஸ் லீக்கில் பெயர் எழுதினார். நம் ஊர்த் தொழிற்சாலைக்கு லீவு வெள்ளிக்கிழமை, லீக் நடப்பதோ ஞாயிற்றுக்கிழமை. அதற்காக மாமனாரிடம் பேசி, ஆடுகிறவர்களுக்கு மட்டும் வெள்ளி வேலை, ஞாயிறு லீவு என்று மாற்றி வாங்கியதும் அவர்தான். அவ்வளவு தைரியசாலி அவர். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பந்து முட்டை மாதிரி நீளமாக இருக்கும், அதனால் ஊரில் இதற்கு 'முட்டப்பந்து' என்று பெயர். அம்மாவுக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

"எரும மாதிரி ஒருத்தன ஒருத்தன் முட்டிக்கறானுங்க. அத்த பாக்கறதுக்கு இவ வேற," என்பார் என்னைக் காட்டி.

நான் எல்லா ஆட்டத்துக்கும் போனேன். அழுது அடம்பிடித்துத்தான் போனேன். தோல் ஏற்றுகிற லாரியில் பதினைந்து ஆண்களுக்கு நடுவில் ஒரு பாவாடை. ஓரத்தில் உட்கார்ந்தால் பாவாடையில் தோலுக்குப் போட்ட உப்பு ஏறி விறைத்துக்கொள்ளும். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் காற்று வந்தால்தான் லாரிக்குள் இருக்கிற நாற்றமே தெரியும். பார்த்துப் பார்த்து ஆட்டத்தின் சட்டங்களைக் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு ஒன்று தெரிந்தால் போதும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், எதிராளியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் புள்ளி. கை நழுவி முன்பக்கம் விழுந்தால் தப்பு, உடனே எதிராளிக்குச் சாதகம்.

இன்னொன்றையும் அங்கேதான் பார்த்தேன். ஊரில் டவுன் பஸ்ஸில் மாமா ஏறினால் பக்கத்தில் இருப்பவர் மூக்கைத் துண்டால் மூடிக்கொள்வார். மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் மெட்ராஸ் பிள்ளைகள் வந்து அதே தோளில் கையைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். மாமாவுக்கு அப்போது முகம் வேறு மாதிரி இருக்கும். அதற்காகவே லீக் நிற்கக்கூடாது என்று நான் வேண்டிக்கொள்வேன்.

ஆனால் ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. பலம் இருந்தது, பழக்கம் இல்லை. அந்த லீக்கில் ஒரு விதி உண்டு. ஓர் ஆட்டமாவது ஜெயிக்காத கிளப்புக்கு அடுத்த வருஷம் இடமில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம், அதுவும் எங்கள் ஊரில். வரப்போகிற கிளப்பை மெட்ராஸில் ஒருமுறை தோற்கடிக்கப் பார்த்தோம், கடைசியில் தவறியது. இங்கே நம் தரையில் முடியும் என்று மானேஜர் சொன்னார், மாமா சொன்னார், நான் நம்பினேன். ஜெயித்தால் அடுத்த வருஷமும் லீக் உண்டு. தோற்றால் பனியனை மடித்து வைத்துவிட வேண்டியதுதான்.

எங்கள் மைதானம் பாலாற்றை ஒட்டித் தோல் காயப்போடுகிற வெளி. மண்ணெல்லாம் உப்பு. விழுந்து சிராய்த்தால் எரிச்சலில் உயிர் போகும். நம்மவர்களுக்கு அது பழக்கம், வருகிறவர்கள் துள்ளுவார்கள். சவுக்குக் கழிகளைக் கட்டிக் கோல் கம்பம் நட்டிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க நான் தினமும் போய்க் கம்பத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

பந்து ஒன்றுதான் இருந்தது. சீமையிலிருந்து மானேஜர் கொண்டுவந்தது. அது எங்கள் வீட்டில் மாமாவின் டிரங்குப் பெட்டிமேல் இருக்கும். உப்பு மண்ணில் உருண்டு உருண்டு மேல்தோல் தேய்ந்து, பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று ஆகியிருந்தது. உள்ளங்கையை வைத்தால் பிடித்துக்கொள்ளும். வியர்வையும் மண்ணும் கலந்து ஒரு வாசனை. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். இப்போது எத்தனையோ பந்து பார்த்துவிட்டேன், மாமாவின் பேத்தி வைத்திருப்பது ரப்பர் புள்ளி வைத்தது. அந்தப் பந்து மாதிரி கையோடு ஒட்டுகிற ஒன்றைத் தொட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மாமா சாப்பாட்டுக்கு வந்திருந்த நேரம், தொழுகை முடித்துவிட்டு மேஸ்திரி பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். தொழிற்சாலையில் தோலுக்கு மெருகு ஏற்றுகிற ஃபினிஷிங் பிரிவுக்கு அவர்தான் பெரிய மேஸ்திரி. மாமாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் பார்த்து 'பாஸ்' என்று சொல்லிவிட்ட தோலை முதலாளிகூடத் திருப்பி எடுத்துப் பார்க்கமாட்டார். ஏதோ வேலை விஷயமாக வந்தவர் கண்ணில் பந்து பட்டுவிட்டது.

"இன்னாடா இது?"

"பந்து பாய். நாளன்னிக்கி மேட்ச்," என்றார் மாமா.

"பந்துன்னு தெரியுது. தோல கேக்கறேன். சொறி புடிச்ச நாய் மாதிரி இருக்குது. மெட்ராஸ்லேந்து ஆளுங்க வர்றாங்க, இத்த பாத்தா நம்ம ஊரப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

"ஆட்றதுக்குத்தான பாய்."

"கல்யாணத்துக்கு வர்றவன் துண்றதுக்குத்தான் வர்றான். அதுக்குன்னு கிழிஞ்ச எலையிலயா போடுவ? குடு இப்டி."

"மாமா, குடுக்காத," என்று நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"சும்மா இரு. நூலுக்கு மெழுகு தேச்சி, தொடச்சிக் குடுப்பாரு," என்று மாமா என் காதில் சொன்னார். பந்து மேஸ்திரி பாயின் அக்குளில் ஏறிக்கொண்டு போனது. அன்று ராத்திரி நான் தட்டைத் தொடவில்லை. வழக்கம்போல் அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை விட்டதும் மேஸ்திரி பாயே கொண்டுவந்தார். வெள்ளைத் துணியில் சுற்றி, புது மாப்பிள்ளைக்குச் சீர் கொண்டு வருவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி. துணியை விலக்கினார். தெருவே கூடிவிட்டது.

பந்தா அது? கருஞ்சிவப்பில் கண்ணாடி மாதிரி மின்னியது. என் முகம் அதில் நீளமாகத் தெரிந்தது. பூச்சுமேல் பூச்சாக லாக்கர் வார்னிஷ் அடித்து, ஒவ்வொன்றும் காய்ந்ததும் கண்ணாடிக் குழவியால் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார். தன் லீவு நாளில். அந்த லாக்கருக்கு அழுகுகிற வாழைப்பழம் மாதிரி ஒரு வாசனை உண்டு, வீடெல்லாம் அடித்தது.

"இப்பதான் பந்து மாதிரி இருக்குது," என்றார் அம்மா. அந்த வருஷம் முழுக்க அவர் பந்தைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

"கைரேகை படாம வெச்சிக்கங்க," என்றார் மேஸ்திரி பாய். "நாளைக்கி லீவு போட்டுட்டு நானும் வர்றேன். இது வரைக்கும் ஒரு ஆட்டமும் பாத்ததில்ல. நம்ம மாலு எப்டி இருக்குதுன்னு பாக்கணும்ல."

அவர் தெரு திரும்பியதும் நான் பந்தைத் தூக்கினேன். சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போய்க் கோழிக்கூடையின்மேல் விழுந்தது. கோழி கத்தியது. மாமா சிரித்தார்.

"ஒனக்குக் கை சின்னது," என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டு ஆட்டக்காரரைக் கூப்பிட்டார். அவர் தெருமுனையிலிருந்து எறிந்தார். மாமா இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார், பந்து நடுவில் மேலேறி மோவாயில் இடித்துவிட்டுக் கீழே போனது. மறுபடி எறிந்தார். மறுபடி போனது. அப்புறம் மாமா எறிந்தார், எதிர்வீட்டுக்காரர் விட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போயி சொல்லு மாமா," என்றேன். "வழுக்குதுன்னு சொல்லு. சுரண்டிக் குடுக்கச் சொல்லு."

"யார்ட்ட?"

"மேஸ்திரி பாய்ட்ட."

"அவரு பாஸ் பண்ண மாலு இது. நான் போயி சுரண்டுன்னு சொல்றதா? நல்லா சொன்ன போ."

"அப்ப நீயே சுரண்டு."

"நாளைக்கி வந்து குந்திப் பாப்பாரே, கண்ணு தெரியாதா அவருக்கு?"

"தோத்துட்டா லீக் இல்ல மாமா."

நான் பின்பக்கம் போய்ச் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு வந்தேன். பாத்திரம் தேய்க்கத் தெரிந்த எனக்குப் பந்து தேய்க்கத் தெரியாதா? ஒரு இழுப்பு இழுத்திருப்பேன், மாமா பந்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"கை வெச்ச, பிச்சிருவேன்."

அதுவரை அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. பந்தைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டார். பின்னால் நின்ற எதிர்வீட்டுக்காரர், "பனி விழுந்தா கொஞ்சம் செரியாவும்," என்றார். ஏன் சரியாகும், எப்படிச் சரியாகும் என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிறு காலையில் மானேஜர் சுண்ணாம்பால் கோடு போட வந்தார். சீமைக்குப் போனவர், மாமனாரிடம் லீவை மாற்றி வாங்கியவர், இவர் சொல்வார் என்று நான் நேரே அவரிடம் ஓடினேன்.

"சார், பந்து வழுக்குது சார். மேஸ்திரி பாய் பாலிஷ் போட்டுட்டாரு."

வாங்கிப் பார்த்தார். நழுவியது. குனிந்து எடுத்தார். மறுபடி நழுவியது. சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"பாய்ட்ட யாராவது சொன்னீங்களா?"

பதினைந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய உடம்பு ஒவ்வொன்றும், தரையில் எறும்பு தேடியது.

"நீங்க சொல்லுங்க சார்," என்றார் மாமா.

"நானா? எனக்குப் பொண்ணு குடுக்கறதுக்கு முன்னால எங்க மாமனார் அவர்ட்டதாம்பா விசாரிச்சாரு. நல்ல பையன்னு சொன்னவரே அவருதான்." சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு கோடு போடப் போய்விட்டார்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஒருவரும் கோழையில்லை. தலைகீழாக விழுந்து எழுந்து ஓடுகிறவர்கள். ஒரு பெரியவர் ஆசையாகச் செய்ததைக் குறை சொல்ல மட்டும் ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. வேறு யாராவது சொல்வார்கள் என்று ஒவ்வொருவரும் காத்திருந்திருக்கிறார்கள். நீங்களும் நானும் கலந்துகொண்ட எத்தனை கல்யாணம், எத்தனை பஞ்சாயத்து இப்படிப் போயிருக்கிறது.

மெட்ராஸ் கிளப் வேனில் வந்து இறங்கியது. மேஸ்திரி பாய் வெள்ளை ஜிப்பாவும் அத்தருமாக முன்னாலேயே வந்து, கோட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் அவர் பக்கத்தில் தரையில். அவர்களுடைய கேப்டன் வந்து பந்தை எடுத்தார், கையிலிருந்து போனது. அவர் சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை.

"எங்க வேன்ல ஒரு பால் இருக்குங்க. அதுல ஆடிக்கலாமா?" என்று எங்கள் கேப்டனான மாமாவிடம் கேட்டார்.

எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். தலையை ஆட்டினால் போதும். மாமா நாற்காலிப் பக்கம் பார்த்தார். மேஸ்திரி பாய் பந்தைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க," என்றார் மாமா. "இந்த பால்லயே ஆடலாம்."

எழுந்துபோய் அவர் கையைக் கடித்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

ஆட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. எடுப்பார்கள், நழுவும், ஊதுவார்கள். கூடித் தள்ளுவார்கள், பந்து வெளியே வரும், எடுப்பார்கள், நழுவும், ஊதுவார்கள். தள்ளுவதில் எங்களவர்கள்தான் பலம். தள்ளி என்ன செய்ய, தூக்கினால்தானே ஓட. கொஞ்ச நேரத்தில் மெட்ராஸ்காரர்கள் புத்திசாலித்தனமாகக் கையை விட்டுவிட்டுக் காலால் உதைத்து முன்னேற ஆரம்பித்தார்கள். நம்மவர்களுக்கு அது வராது. தூக்கிப் பழகிய ஆட்கள்.

ஒருமுறை மாமாவுக்கு வழி கிடைத்தது. எதிரே ஆளே இல்லை. பந்து நெஞ்சோடு, கோடு அதோ தெரிகிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் பனியன் வியர்வையில் நனைந்திருந்தது. பந்து நெஞ்சிலிருந்து மெதுவாக மேலே ஏறியது, தோளைத் தாண்டியது, முன்னால் விழுந்தது. நனைந்த மாட்டுத் தோலை ஒருநாளும் கீழே போடாத மனுஷன். விழுந்த பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இடைவேளையில் மேஸ்திரி பாய் குனிந்து என்னிடம் சொன்னார், சந்தோஷமாக.

"பாத்தியா பாப்பா? எவன் கையிலயும் நிக்கல. அதான் ஃபினிஷ்."

முடியப்போகிற நேரத்தில் எங்களவர் ஒருவர் செய்த தப்புக்கு அவர்களுக்கு ஓர் உதை கிடைத்தது. பந்தை மண்ணில் நட்டு, பின்னால் போய், ஓடிவந்து உதைத்தார் அவர்கள் கேப்டன். பந்து சாயங்கால வெயிலில் மின்னிக்கொண்டே சவுக்குக் கழிகளுக்கு நடுவில் போனது. மூன்று புள்ளி. அந்த வெளியில் கைதட்டியது ஒரே ஒருவர். நாற்காலியை விட்டு எழுந்து, மேஸ்திரி பாய்.

"இன்னா பளபளப்பு," என்றார்.

பிறகு ஊதிவிட்டார்கள். மூன்றுக்குப் பூஜ்யம். லீக்கில் எங்கள் கதை அவ்வளவுதான்.

மாமா பந்தை எடுத்துக்கொண்டு வந்தார். பின்னால் மற்றவர்களும் மானேஜரும். முழங்கையெல்லாம் சிராய்ப்பு, உப்பு மண் ஒட்டியிருந்தது, யாரும் தட்டிவிடவில்லை.

"முடிஞ்சிதா? யாரு ஜெயிச்சது?" என்று கேட்டார் மேஸ்திரி பாய்.

யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். எறும்பு தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

"நாம தோத்துட்டோம் பாய் தாத்தா," என்றேன். "பந்து கையில நிக்கல. வழுக்கிக்கினே இருந்திச்சி."

அவர் மாமாவிடமிருந்து பந்தை வாங்கினார். தோல் பார்ப்பதுபோலக் கட்டைவிரலை அதன்மேல் ஓட்டினார்.

"கையில நிக்கணுமா?"

"ஆமா."

"அட இன்னாங்கடா," என்று நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார். கோபமே இல்லை அவர் முகத்தில், ஆச்சரியம்தான். "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? கையில நிக்கற மாதிரி வோணும் பாய்னு ஒருத்தன் சொல்லியிருந்தா, எல்லாத்தயும் எடுத்துட்டு சொரசொரன்னு அடிச்சிக் குடுத்திருப்பேனே. நெனச்சா ஒரு நாழி வேல. நேத்து சாயங்காலம் வூட்லதான குந்தினு இருந்தேன்."

மானேஜர் கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் துடைத்தார்.

"செரி வுடு. அடுத்த ஆட்டத்துக்கு நானே பாத்து செஞ்சி தர்றேன். எப்போ அது?"

மாமாவைப் பார்த்தேன். மாமா ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மானேஜரைப் பார்த்தேன். அவர் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி பாய் பந்தை ஜிப்பாவில் அணைத்துக்கொண்டு, பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக எல்லோரையும் சொல்லு சொல்லு என்று அரித்தவள் நான்தானே.

"சொல்லி அனுப்பறோம் தாத்தா," என்றேன்.

"ஆங்," என்று பந்தை எடுத்துக்கொண்டு போனார். அதைக் கேட்டு வாங்க அவர் வீட்டுக்கு யாரும் போகவில்லை.